பல் மருத்துவமனையும் பல மருத்துவமனையும்: பேக்ஸ்டாப் ஜேஎஸ் குறித்து ஒரு மதிப்புரை

இணையதளங்களை உருவாக்கிப் பராமரிப்பவர்களுக்கு, ஓரிடத்தில் கைவைத்தால் வேறெங்கோ ஒன்று குலைவது பழகிப்போன தொல்லை. முகப்புப் பக்கத் தலைப்பின் எழுத்தளவைச் சற்றே கூட்டினால், நாம் திறந்துகூடப் பார்க்காத தொடர்புப் பக்கத்தில் படிவத்தின் பொத்தான் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். ஐந்து பக்கங்கள் கொண்ட தளமென்றால் ஒவ்வொன்றையும் கண்ணாலேயே பார்த்துத் தீர்த்துவிடலாம். நாற்பது பக்கங்கள், ஒவ்வொன்றுக்கும் கைபேசி, டேப்லெட், கணினி என மூன்று அகலங்கள் என்று வரும்போது நூற்றிருபது காட்சிகளை நேற்றைய தோற்றத்தோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. இருபதாவது காட்சிக்குமேல் கண் பார்த்துக்கொண்டிருக்கும், மனம் பார்ப்பதை நிறுத்தியிருக்கும். அந்த வேலையை நமக்காகச் செய்வதற்கென்று இருக்கும் இலவசக் கருவிகளுள் ஒன்றான பேக்ஸ்டாப் ஜேஎஸ்ஸை, நான் பராமரிக்கும் மூன்று தமிழ்த் தளங்களில் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ‘இரண்டு பக்கங்கள் ஒன்றுபோல் இருக்கின்றன’ என்று சொல்லும்போது கருவி எதைச் சொல்கிறது, நம் கண் எதைச் சொல்கிறது என்ற கேள்வியை வைத்தே இந்தக் கருவியை எடைபோட வேண்டும் என்பது இந்த அனுபவத்தில் எனக்குப் பட்டது.

கருவியின் அடிப்படை மிக எளிது. கேரிஸ் ஷிபன் என்பவர் தொடங்கிய இத்திறந்த மூல மென்பொருள் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் ஜேஎஸ் இருக்கும் எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். ‘இனிட்’ என்ற கட்டளை ஓர் அமைப்புக் கோப்பை உருவாக்கித் தரும். அதில் பார்க்க வேண்டிய பக்கங்களின் முகவரிகளையும் திரை அகலங்களையும் எழுதிவிட்டு ‘ரெஃபரன்ஸ்’ என்று கட்டளையிட்டால், திரையில்லாமல் பின்னணியில் இயங்கும் குரோமியம் உலாவி ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆதாரப் படமாகச் சேமித்துக்கொள்கிறது. தளத்தில் மாற்றம் செய்த பிறகு ‘டெஸ்ட்’ என்று கட்டளையிட்டால் அதே பக்கங்களை மீண்டும் படமெடுத்து, இரண்டையும் ரிசெம்பிள் ஜேஎஸ் என்னும் நிரலகத்தின் துணையோடு பிக்சல் பிக்சலாக ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களை இளஞ்சிவப்பில் தீட்டி, உலாவியில் ஓர் அறிக்கையைத் திறந்து காட்டுகிறது. மாற்றம் நாம் விரும்பிச் செய்ததுதான் என்றால் ‘அப்ரூவ்’ என்று சொல்லிப் புதிய படத்தையே ஆதாரமாக்கிக்கொள்ளலாம். இந்த நான்கு கட்டளைகளைத் தெரிந்துகொண்டால் முதல் நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம் என்பதை இதன் பெரிய பலமாகச் சொல்வேன்.

அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஆதாரப் படத்தையும் சோதனைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு கோட்டை இழுத்து இழுத்துப் பார்க்க உதவும் ஸ்கிரப்பர். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பயன்படுத்திப் பார்த்தால்தான் புரியும். பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. அந்தத் தாவலின்போது பார்வை ஒரு கணம் மங்கிவிடுவதால், மாறிய இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும் அசைவை நாம் தவறவிட்டுவிடுகிறோம். ரொனால்ட் ரென்சிங்க், கெவின் ஓ’ரீகன், ஜேம்ஸ் கிளார்க் ஆகிய மூவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. ஒரு புகைப்படத்தையும் அதன் மாற்றப்பட்ட வடிவத்தையும் மாறி மாறிக் காட்டி, இரண்டுக்கும் இடையில் நொடியின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான வெற்றுத் திரையைச் செருகினால், கண்ணெதிரே இருக்கும் பெரிய மாற்றத்தைக்கூட மக்கள் நெடுநேரம் தேடினார்கள். இடையில் வெற்றுத் திரை இல்லாவிட்டால் மாற்றம் துள்ளிக்கொண்டு தெரியும்.

வானியலாளர்கள் இதை வெகுகாலம் முன்பே கைக்கருவியாக்கியிருந்தார்கள். 1930 பிப்ரவரியில் க்ளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தது, ஜனவரியில் ஆறு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு வானப் புகைப்படத் தகடுகளை ஒரே வில்லையின் வழியே மாற்றி மாற்றிக் காட்டும் ஒப்பீட்டுக் கருவியில்தான். ஆயிரக்கணக்கான புள்ளிகள் அசையாமல் நிற்க, ஒன்று மட்டும் இடம்பெயர்ந்தது. பேக்ஸ்டாப்பின் ஸ்கிரப்பரை வேகமாக இருபுறமும் இழுக்கும்போது நானும் ஏறத்தாழ அதையே செய்கிறேன் என்ற எண்ணம் வராமல் இருப்பதில்லை; என் தகட்டில் கிடைப்பது பெரும்பாலும் இடம் பெயர்ந்த பொத்தான்தான் என்றாலும்.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பராமரிக்கும் தளங்களுள் ஒன்று பல் மருத்துவமனை ஒன்றினுடையது. அதன் முகப்புத் தலைப்பில் ஒரு சொல்லைத் திருத்தும்போது, சுட்டி தவறான இடத்தில் நிற்பதைக் கவனிக்காமல் பேக்ஸ்பேஸ் விசையை ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டேன். யூனிகோடில் ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியுமாக இரண்டு குறியீடுகள் என்பதால், பின்னழிப்பு விசை எழுத்து முழுவதையும் எடுக்காமல் புள்ளியை மட்டும் எடுத்தது. ‘பல் மருத்துவமனை’ ‘பல மருத்துவமனை’ ஆயிற்று. சோதனையை ஓட்டினேன், எல்லாம் பச்சை. தளம் அப்படியே வெளியாகி, மருத்துவரின் தாயார் தொலைபேசியில் “தம்பி, நாங்க எத்தனை ஆஸ்பத்திரி வச்சிருக்கோம்?” என்று கேட்கும்வரை அப்படியே இருந்தது.

இதற்குக் கருவியைக் குறைசொல்ல முடியாது. அமைப்புக் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், கருவியோடு வரும் முன்னிருப்பு மதிப்புகளோடு ஓட்டியது நான்தான். ஆயினும் அந்த முன்னிருப்பு என்ன சொல்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது இக்கருவியை வாங்கப்போகும், அதாவது இலவசமாக நிறுவப்போகும் எவருக்கும் பயன்படும். இரண்டு படங்களும் எவ்வளவு வரை வேறுபடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதைக் குறிக்கும் ‘மிஸ்மேட்ச் திரெஷோல்டு’ என்ற அமைப்பின் முன்னிருப்பு மதிப்பு 0.1 விழுக்காடு; அதாவது படத்தின் மொத்தப் பிக்சல்களில் ஆயிரத்தில் ஒன்று. கேட்பதற்கு மிகக் கறாராகத் தெரிகிறது. ஆனால் 1280 பிக்சல் அகலமும் 4000 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு முழுப் பக்கத்தில் 51,20,000 பிக்சல்கள் இருக்கின்றன. அதில் ஆயிரத்தில் ஒன்று 5,120. 120 பிக்சல் அகலமும் 40 பிக்சல் உயரமும் உள்ள ஒரு பொத்தானின் பரப்பு 4,800 பிக்சல்தான். ஆக, ‘முன்பதிவு செய்க’ என்ற பொத்தான் சுற்றியுள்ளவற்றை நகர்த்தாமல் அப்படியே மறைந்துபோனாலும் அந்தப் பக்கம் தேர்வில் தேறிவிடும். 32 பிக்சல் அளவுள்ள தலைப்பில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ இருபது பிக்சல். அதோடு, ரிசெம்பிள் தன் விழுக்காட்டை வழக்கமாக இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கித்தான் தருகிறது. ஐம்பத்தோரு லட்சத்தில் இருபது என்பது அந்தச் சுருக்கத்தில் சுழியமாகிவிடும். துல்லிய ஒப்பீட்டுக்கென்று உள்ள தனி அமைப்பை இயக்காவிட்டால், வரம்பைச் சுழியமாக வைத்தாலும் என் புள்ளி அகப்பட்டிருக்காது.

தமிழ் எழுத்தின் இயல்பு இங்கே சுவையான ஓர் ஏற்றத்தாழ்வை உண்டாக்குகிறது. புள்ளி எழுத்தின் தலைமேல் அமர்வதால், அது போனாலும் பெரும்பாலான எழுத்துருக்களில் சொல்லின் அகலம் மாறுவதில்லை. அடுத்த எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கால் விழுந்தால் கதை வேறு. ‘கால்’ என்பது ‘கல்’ ஆனால் அவ்வரியில் பின்வரும் எழுத்துகள் அனைத்தும் இடப்பக்கம் நகர்ந்து, வரி முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும். படிப்பவருக்கு இரண்டும் ஒரே தரத்துப் பிழைகள். கருவிக்கோ ஒன்று இருபது பிக்சல், மற்றொன்று இரண்டாயிரம்.

இந்த ஏற்றத்தாழ்வின் மறுமுனையில் இருப்பது பொய் எச்சரிக்கை. ஒரு பக்கத்தின் மேற்பகுதியில் ‘ஞாயிறு விடுமுறை’ என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தால், அதற்குக் கீழுள்ள அனைத்தும் ஒரு வரி உயரத்துக்கு இறங்குகின்றன. பக்கத்தின் உயரமே மாறிவிட்டதால், பேக்ஸ்டாப் தன் முன்னிருப்பின்படி எடுத்த எடுப்பிலேயே தோல்வி என்று அறிவிக்கிறது. உயரம் ஒத்திருக்க வேண்டியதில்லை என்று தளர்த்திவிட்டாலும், இடம் பெயர்ந்த எழுத்துகளும் படங்களும் பழைய எழுத்துகளோடும் படங்களோடும் பொருந்தாமல் அந்தப் பக்கம் இளஞ்சிவப்புக் கோலமாவில் குளித்ததுபோல் அறிக்கையில் வந்து நிற்கிறது. அதே பக்கத்தை எவரிடமாவது காட்டி “என்ன மாறியிருக்கிறது?” என்று கேட்டால், “ஒரு வரி கூடியிருக்கிறது” என்று சொல்வார், பலர் “ஒன்றும் மாறவில்லையே” என்பார்கள்.

ஏனென்றால் கண் பிக்சல்களைப் பார்ப்பதில்லை, கூட்டங்களைப் பார்க்கிறது. அருகருகே இருப்பவற்றையும் ஒரே நிறமோ ஒரே அளவோ கொண்டவற்றையும் ஒரே வரிசையில் செல்பவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் மனித இயல்பை, ஜெர்மானிய உளவியலாளர் மேக்ஸ் வெர்தைமர் 1923-இல் விதிகளாக வகுத்தார். இணையப் பக்கத்துக்கு இவ்விதிகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. மேலே ஒரு பட்டை, இடப்புறம் சின்னம், நடுவில் மூன்று அட்டைகள், கீழே கருநிற அடிப்பகுதி என்ற உறவுகள் குலையாதவரை, அந்த அட்டைகள் பத்து பிக்சல் கீழே இருந்தாலும் மேலே இருந்தாலும் நமக்கு அது அதே பக்கம்தான். மாறாக, மூன்று அட்டைகளுக்கு இடையிலுள்ள இரண்டு இடைவெளிகளில் ஒன்று மட்டும் எட்டு பிக்சல் அகன்றுவிட்டால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றிவிடும். அருகாமை குலைந்ததால் மூன்றின் கூட்டம், இரண்டும் ஒன்றுமாகப் பிரிந்துவிட்டது. பேக்ஸ்டாப்பின் கணக்கில் முதலாவது பேரிடர், இரண்டாவது சில்லறை.

கண்ணின் இந்தத் தாராளம் எப்போதும் நன்மையாக முடிவதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ரச்னா தமீஜா, டக் டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், 22 பேரிடம் உண்மையான தளங்களையும் போலித் தளங்களையும் கலந்து காட்டி எது எது என்று கேட்டார்கள். மிகத் திறமையாகச் செய்யப்பட்டிருந்த போலித் தளம் பத்தில் ஒன்பது பேரை ஏமாற்றியது. அது பேங்க் ஆஃப் தி வெஸ்ட் என்ற அமெரிக்க வங்கியின் பக்கத்தை அப்படியே நகலெடுத்து, முகவரியில் மட்டும் ஆங்கில ‘டபிள்யூ’வுக்குப் பதிலாக இரண்டு ‘வி’க்களைப் போட்டிருந்தது. சின்னமும் நிறமும் அமைப்பும் ஒத்துப்போனதும் கண் தன் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டது. கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் முகவரிப் பட்டை போன்ற அடையாளங்களின் பக்கம் திரும்பவே இல்லை. என் புள்ளியும் அந்த இரண்டு ‘வி’யும் ஒரே இனம். தளத்தை வெளியிடுவதற்கு முன் நானும் முகப்பைக் கண்ணால் பார்த்தேன்தான். சின்னம் இருந்தது, நீல நிறம் இருந்தது, தலைப்பு இருந்தது. கருவி கோட்டைவிட்டதைப் பிடிக்க வேண்டிய கண்ணும், கருவி கோட்டைவிட்ட அதே வகைப் பிழையில் சறுக்கியது. கருவி தவறவிட்டதற்கும் நான் தவறவிட்டதற்கும் காரணங்கள் வேறு என்பதால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ஓட்டை அடைபட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். இரண்டு சல்லடையும் ஒரே அளவு கண்ணுடையவை என்றால், அடுக்கி வைத்துப் பயனில்லை.

எழுத்துருக்கள் தரும் தொல்லையைத் தமிழ்த் தளம் வைத்திருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். நாமே எழுத்துருவை அனுப்பாத தளத்தில், ஒரே தமிழ் வரி பழைய விண்டோஸில் லதாவிலும், விண்டோஸ் 8 முதல் நிர்மலா யூஐயிலும், ஆப்பிள் கணினியில் தமிழ் சங்கம் எம்என்னிலும், ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழிலும் தெரியக்கூடும். இவற்றின் அகலங்கள் வேறு வேறு என்பதால் வரி முறியும் இடமே மாறும். நாமே எழுத்துருவை அனுப்பினாலும், எழுத்தின் ஓரங்களை மென்மைப்படுத்தும் முறை இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறுவதால், மேக் கணினியில் எடுத்த ஆதாரப் படத்தை லினக்ஸ் வழங்கியில் எடுத்த சோதனைப் படத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வோர் எழுத்தின் விளிம்பும் வேறுபடும். கண்ணுக்கோ இரண்டும் ஒன்றே. இதற்காகவே பேக்ஸ்டாப்பில் டாக்கர் பெட்டகத்துக்குள் படமெடுக்கும் வசதி இருக்கிறது. எந்தக் கணினியிலிருந்து கட்டளை கொடுத்தாலும் படம் ஒரே சூழலில் எடுக்கப்படுகிறது. குழுவாக வேலை செய்பவர்கள் அந்த வசதியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துவது நல்லது.

ஆனால் அந்தப் பெட்டகத்துக்குள் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் சொந்தமாகக் கட்டிய ஒரு பெட்டகத்தில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். எழுத்துரு இல்லாத இடத்தில் உலாவி எழுத்துக்குப் பதிலாக வெற்றுக் கட்டங்களை வரையும். கட்டங்களைக் கட்டங்களோடு ஒப்பிட்டால் எழுத்து மாறினாலும் படம் மாறாது. மூன்று நாட்கள் ஒரு சோதனைகூடத் தோற்காமல் ஓடியதில் மகிழ்ச்சியாக இருந்தேன். ஆதாரப் படங்களைத் திறந்து பார்த்தபோதுதான், தளம் முழுவதும் சன்னல் சன்னலாக இருப்பது தெரிந்தது. சோதனை என்றால் தோற்ற படங்களை மட்டும் பார்ப்பது என்ற பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

மாற்றுக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலாவியைத் தானாக இயக்கித் தளங்களைச் சோதிக்கும் மைக்ரோசாஃப்டின் பிளேரைட்டை ஏற்கெனவே பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக பேக்ஸ்டாப் தேவையில்லாமல் போகலாம். அதிலேயே திரைப் படங்களை ஒப்பிடும் வசதி இருக்கிறது. அதனுள் இயங்கும் பிக்சல்மேட்ச் என்ற சிறு நிரலகம், இரண்டு பிக்சல்களின் நிற வேறுபாட்டை ஒய்ஐக்யூ என்ற முறையில் கணக்கிடுகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் வண்ணம் வந்த காலத்தில் வகுக்கப்பட்ட முறை இது. நிறத்தைவிட வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தைக் கண் நுட்பமாக உணர்கிறது, அவ்வெளிச்சத்திலும் பச்சையின் பங்கு ஏறத்தாழ அறுபது விழுக்காடு, நீலத்தின் பங்கு பதினொன்று என்ற அறிவு அதற்குள் பொதிந்திருக்கிறது. எழுத்தோர மென்மையால் வரும் வேறுபாட்டைத் தனியே கண்டறிந்து தள்ளிவிடவும் அதற்குத் தெரியும். முன்னிருப்பு மதிப்புகளிலும் பிளேரைட்டும் பேக்ஸ்டாப்பும் எதிரெதிரானவை. பிளேரைட், ஒரு பிக்சலின் நிறம் எவ்வளவு மாறலாம் என்பதில் சற்றுத் தாராளமாக இருந்துகொண்டு, அந்த அளவைத் தாண்டிய பிக்சல் ஒன்றே ஒன்று இருந்தாலும் தோல்வி என்கிறது. பேக்ஸ்டாப் மொத்தத்தில் 0.1 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்கிறது. வெள்ளைப் பின்னணியில் கருநிறப் புள்ளி ஒன்று மறைவதைப் பிடிக்க முதல் அணுகுமுறையே ஏற்றது; தமிழ்த் தளங்களுக்கு அதுவே பொருத்தமான தொடக்கம் என்பது என் கருத்து. ஆனாலும் அறிக்கையின் தெளிவிலும், நிரலெழுதாமல் அமைப்புக் கோப்பு ஒன்றாலேயே வேலையை முடித்துவிடும் எளிமையிலும் பேக்ஸ்டாப்புக்குத்தான் நான் கூடுதல் மதிப்பெண் தருவேன்.

மனிதக் கண்ணைப் போலவே ஒப்பிடும் கணக்கு ஏதும் இல்லையா என்று கேட்கலாம். 2004-இல் ஸோ வாங், ஆலன் போவிக் முதலியோர் முன்வைத்த எஸ்எஸ்ஐஎம் என்னும் அளவை, தனித்தனிப் பிக்சல்களை விட்டுவிட்டுச் சிறு சிறு சாளரங்களாகப் படத்தைப் பிரித்து, வெளிச்சம், மாறுபாடு, அமைப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறது. நிழற்படத்தைச் சுருக்கும்போது தரம் எவ்வளவு கெட்டது என்பதை அது நன்றாகவே சொல்லும். இணையப் பக்கத்துக்கு அதைக் கொண்டுவந்தால், எழுத்தோர மென்மையால் வரும் பொய் எச்சரிக்கைகள் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு வரி சேர்ந்ததால் பக்கம் கீழிறங்கும் சிக்கல் அதற்கும் சிக்கலே. அதைவிட, கண்ணைப் போலப் பார்க்கும் கருவி கண்ணைப் போலவே புள்ளியையும் தவறவிடும். அப்படியொரு கருவி எனக்கு இன்னொரு நானாக இருக்குமே ஒழிய, என்னைத் திருத்தாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கருவி மனிதனைப் போல் ஒப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். இப்போது அந்த எதிர்பார்ப்பு இல்லை.

ஆகவே இப்போது என் அமைப்புக் கோப்பு வேறு மாதிரி இருக்கிறது. முழுப் பக்கத்தைப் படமெடுக்கும் காட்சிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றின் வரம்பை வேண்டுமென்றே தளர்த்தி வைத்திருக்கிறேன், பெரிய குலைவு மட்டும் தெரிந்தால் போதும் என்பதற்காக. அவற்றோடு, பக்கத்தின் தேர்ந்தெடுத்த துண்டுகளைத் தனித்தனியாகப் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன்: தலைப்பு, பட்டியல், தொலைபேசி எண், முன்பதிவுப் படிவம். பக்கத்தின் ஓர் உறுப்பைச் சுட்டும் சிஎஸ்எஸ் தேர்வியை பேக்ஸ்டாப்பில் கொடுத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி ஒப்பிடும் என்பது இதற்குப் பெரிதும் கைகொடுக்கிறது. 600-க்கு 60 பிக்சல் உள்ள தலைப்புத் துண்டில் மொத்தமே 36,000 பிக்சல்கள்தான். அதில் இருபது பிக்சல் என்பது 0.05 விழுக்காட்டைத் தாண்டும் வேறுபாடு, இரண்டு தசம இடச் சுருக்கத்திலும் சுழியமாகாது; வரம்பையும் சுழியமாக்கினால் அகப்பட்டுவிடும். மேலே ஒரு வரி கூடினாலும் துண்டு தன் இடத்தோடு சேர்ந்து நகர்வதால், பொய் எச்சரிக்கையும் இல்லை. கண் எவற்றைக் கூட்டமாகப் பார்க்கிறதோ அவற்றின் எல்லைகளிலேயே பக்கத்தை வெட்டிக் கொடுத்தால், பிக்சல் எண்ணும் கருவிக்கும் ஓரளவு கண் வந்துவிடுகிறது.

நாள்தோறும் மாறும் தேதி, தானே சுழலும் படங்கள், விளம்பரங்கள் ஆகியவற்றை ஒதுக்க இரண்டு அமைப்புகள் இருக்கின்றன. ‘ஹைட்’ அந்தப் பகுதியை மறைத்து அதன் இடத்தை மட்டும் விட்டுவைக்கும். ‘ரிமூவ்’ இடத்தையும் சேர்த்து மூடிவிடும். உயரம் மாறாத பகுதிக்கு முன்னதும், உயரம் நாளுக்கு நாள் மாறும் பகுதிக்குப் பின்னதும் ஏற்றவை. எழுத்துரு வந்து சேர்வதற்கு முன்பே படமெடுக்காமல் இருக்க, குறிப்பிட்ட ஓர் உறுப்பு திரையில் தோன்றும்வரை காத்திரு என்று சொல்லும் வசதியையும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வெறுமனே சில நொடிகள் தாமதிக்கச் சொல்வது, மெதுவான இணைப்புள்ள நாளில் கைவிட்டுவிடும்.

‘அப்ரூவ்’ கட்டளையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எதுவும் குறிப்பிடாமல் அதை ஓட்டினால், தோற்ற படங்கள் அனைத்தும் ஒரே மூச்சில் ஆதாரமாகிவிடும். அறுபது படங்கள் தோற்று, அவற்றில் ஐம்பத்தொன்பது நாம் விரும்பிய மாற்றமாக இருக்கும் மாலைப் பொழுதில், அறுபதாவதையும் சேர்த்து ஒப்புக்கொண்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஆசை யாருக்கும் வரும். கோப்புப் பெயரின் ஒரு பகுதியைக் கொடுத்து, குறிப்பிட்ட படங்களை மட்டும் ஏற்கும் வழி இருக்கிறது. சற்று நேரம் பிடித்தாலும் அதையே கையாள்கிறேன்.

சிறு குழுக்களுக்கும் தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் இக்கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். உள்ளடக்கம் மணிக்கு மணி மாறும் செய்தித் தளங்களுக்கு இது ஒத்துவராது. அங்கே மாதிரி உள்ளடக்கத்தோடு ஒரு சோதனைத் தளம் வைத்து அதைத்தான் படமெடுக்க வேண்டியிருக்கும். நாற்பது பக்கங்களுக்கு மூன்று அகலங்களில் என் மடிக்கணினியில் ஒரு சுற்று முடிய ஒரு தேநீர் நேரம் ஆகிறது. பல் மருத்துவமனைத் தளத்தின் அமைப்புக் கோப்பில் முதல் காட்சி இப்போது அந்தத் தலைப்புதான். வரம்பு சுழியம், துல்லிய ஒப்பீடு இயக்கத்தில். கைபேசி அகலத்தில் தலைப்பு இரண்டு வரியாக முறிவதால் அதற்கென்று தனி ஆதாரப் படம் வைத்திருக்கிறேன். வெளியிடுவதற்கு முன், பச்சையாக வந்தாலும், அந்த இரண்டு படங்களையும் திறந்து வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறேன்.